பதினேழாம் நம்பர் அச்சு

விடிகாலை நாலரைக்கே குழாய் உருட்ட ஆரம்பித்துவிட்டோம். கிரேன் படுத்து மூன்று நாளாகிறது. பன்னிரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பினால் நாற்பதடிக் குழாய் ஒரு புரள் புரளும். "தித்... ஹ்னித்... தோங்!" என்று பர்மியத்தில் எண்ணுவோம். தமிழனோ பர்மாக்காரனோ, பாரம் தூக்கும்போது அந்த எண்ணிக்கைதான் வாயில் வரும். பர்மாவின் டாலா ஆற்றங்கரைச் சேறு முழங்கால்வரை ஏறியிருந்தது.

கடலுக்கடியில் கிடக்கும் எரிவாயு இந்தக் குழாய் வழியாக மூன்று தேசம் தாண்டிப் போகுமாம். போகட்டும், அங்கே எல்லா அடுப்பும் எரியட்டும். எங்கள் வீட்டில் கரியடுப்புதான், மெழுகுவர்த்திதான்.

நான் கார்த்திகேசன், வெல்டர். எங்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டு, அது பொறித்த விரல்நீள எஃகு அச்சும் உண்டு. இரண்டு குழாயைப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்தில் அச்சை வைத்துச் சுத்தியால் ஓர் அடி. அந்த இணைப்பு உடைந்தால் அந்த நம்பர்காரன் தலை உருளும். என் நம்பர் பதினேழு.

கம்பெனிக்குத் தெரியாத வழக்கம் ஒன்றும் எங்களிடம் உண்டு. ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தாலும் பேரை அடித்துவிடுவார்கள். அதனால் படுத்தவன் தன் அச்சைக் கூட்டாளியிடம் கொடுத்தனுப்புவான். அவன் தன் வேலையோடு இவன் இணைப்பையும் முடித்து, இவன் நம்பரை அடிப்பான். வருகை எழுதும் வாசல்காரனுக்கு ஒரு பொட்டலம் வெற்றிலை போதும். போன வாரம் நான் டெங்குவில் கிடந்தபோது என் அச்சு வேலப்பன் அண்ணனிடம் இருந்தது. எழுந்து வந்தும் அதைத் திருப்பி வாங்க மறந்துவிட்டேன், மடையன்.

அன்றைக்குச் சோதனை. பதினோரு குழாயைப் பற்றவைத்து, இரு முனையும் மூடி, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்ற வேண்டும். ஆற்றிலிருந்து இறைத்து நிரப்ப இரண்டு நாளாகும். ஆறு மணிக்கு வந்தார் காண்ட்ராக்டர் சிவநாதன். அக்கரையில் பசுந்தாங் பகுதியில் மாடிவீட்டுக்காரர். எங்கள் கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் நின்று கும்பிடுகிறவர்.

"தண்ணியெல்லாம் வேணாம். கம்ப்ரஸர் போட்டுக் காத்து ஏத்து. நாளைக்குக் கப்பல்ல ஏத்தணும்."

வேலப்பன் அண்ணன் முன்னால் போனார். "ஐயா, தண்ணின்னா, குழாய் விட்டுப்போனாலும் ஒழுகத்தான் செய்யும். காத்துன்னா வெடிக்கும்."

"நீ எஞ்சினியராடா?"

"இல்லீங்க. பக்கத்துல நிக்கிறவன்."

சிவநாதன் சிரித்தார். "பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவங்க நேத்துகூட எங்கிட்ட பேர் கேட்டாங்க. எத்தனை பேர் எழுதட்டும்?"

அவரவர் வேலைக்குத் திரும்பினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும்தான்.

கம்ப்ரஸர் ஓட்டும் பீர் முகைதீன் அதைப் போட்டான். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அண்ணன் வேலை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ். "மீட்டர் முள்ளு ஏறுதுண்ணே, வந்துருங்க!" என்று பீர் கத்தினான். அண்ணன் திரும்பினார்.

சத்தம் என் காதுக்கு வருவதற்குள் என் முதுகு சேற்றில் கிடந்தது. குழாய் நீளவாக்கில் கிழிந்து, தகடு விரிந்து, அண்ணனை இடுப்போடு அறுத்துப் போட்டிருந்தது. வாளியைப் பிடித்த கை பத்தடி தள்ளிக் கிடந்தது. வாளியை இன்னும் விடவில்லை. பீரின் இரண்டு காதிலும் ரத்தம். ஐயோ, அந்தச் சோப்பு நுரை சிவப்பாக ஓடியதை நான் எந்த ஜென்மத்தில் மறப்பேன்!

முற்றத்தின் மறுகோடியில் கம்பிபிரஷால் துரு தேய்த்துக்கொண்டிருந்த ராதாமணி அண்ணி ஓடிவந்தார். வேலப்பன் அண்ணன் மனைவி. குனிந்து அவர் கண்ணை மூடினார். அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

ரத்தம் காயுமுன் சிவநாதன் கிழிந்த இடத்துக்குப் பக்கத்து இணைப்பைப் பார்த்துவிட்டார். "பதினேழு! எவண்டா பதினேழு?"

தகரக் கொட்டகை ஆபீசுக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

"உன் வெல்டிங் சரியில்லாம ஒரு உசுரு போயிருக்கு. கையெழுத்துப் போடு. பட்டாளத்து லாரி வருது, அவங்க கூட்டிட்டுப் போவாங்க."

"அது நான் பத்தவெச்சதில்லை" என்று வாய் உளறிவிட்டது.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதற்காகவே ஓங்கி அறையலாம். "அப்ப வேலப்பனா? சொல்லு தம்பி. செத்தவனை யாரு உள்ள போடப்போறா? அவன் தப்புல அவன் செத்தான்னு எழுதிடுவோம். நீ வீட்டுக்குப் போ."

"அண்ணி?"

"தப்புப் பண்ணவன் பொண்டாட்டிக்குக் கம்பெனி லயன் வீட்டுல என்ன வேலை? இன்னிக்கே காலி பண்ணணும். நஷ்டஈடும் கிடையாது."

எனக்கு முப்பத்தொரு வயது. அந்த லாரியில் ஏறியவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். சொல்லியும் விடுவேன் என்று எனக்கே தோன்றியது. நல்லவேளை, அப்போது வெளியே கூச்சல் கேட்டது. சிவநாதன் கதவைத் திறந்து ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

கிழிந்த குழாயை வெட்டி ஆற்றில் தள்ள அவர்தான் ஆள் அனுப்பியிருக்கிறார். ராதாமணி அண்ணி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"எறங்கும்மா!" என்றார் சிவநாதன்.

"எதுக்கு அவசரம்? தப்புக்காரனைத்தான் பிடிச்சாச்சே, இதை எதுக்கு ஆத்துல போடுறீங்க?"

அண்ணியிடம் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன். "அண்ணி, அன்னிக்கு நான் காய்ச்சல்ல கெடந்தேன். அந்த நம்பரை அடிச்சது அண்ணன்."

"தெரியும் தம்பி." அவர் கையைத் திறந்தார். ரத்தம் அப்பிய என் பதினேழாம் நம்பர் அச்சு. "உன் வேலையையும் முடிச்சிட்டு வந்து, கை வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொன்னாரு. அவரு போட்ட வெல்டிங் எங்க உடைஞ்சிருக்கு? எல்லாரும் வந்து பாருங்க."

பார்த்தோம். இணைப்பு மயிரிழைகூட விடவில்லை. கிழிந்தது குழாயின் உடம்பு.

"இதைத் தேய்ச்சவ நான். பிரஷ் போட்டாலே செதில் செதிலா உதிருது. எங்கயோ புதைச்சுத் தோண்டி எடுத்த பழைய பைப்பு, மேல புதுப் பெயிண்ட். சொன்னேன். மூடிட்டுத் தேய்டின்னாரு இந்த ஐயா."

சிவநாதன் கத்தினார். "லாரி வரட்டும். பதினேழை அள்ளிட்டுப் போகட்டும், அப்ப பேசுங்க!"

கோ தூரா என்ற பர்மா வெல்டர் கிரைண்டரைப் போட்டு, பக்கத்துக் குழாயிலிருந்த தன் நம்பரைப் பொறிபறக்கத் தேய்த்து அழித்தான். அண்ணியிடம் கையை நீட்டினான். அச்சை வாங்கி, அழித்த இடத்தில் வைத்து ஒரே அடி. பதினேழு.

அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவன். காதில் பஞ்சு அடைத்திருந்த பீர் முகைதீன் வெல்டரே இல்லை, அவனும் சுத்தியை வாங்கினான். கடைசியில் அண்ணி வாங்கி, கிழிந்த குழாயிலேயே அடித்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இரண்டாவது முறையும் அடித்து, அச்சை என் கையில் திணித்தார்.

லாரி வந்தது. எட்டுத் துப்பாக்கி. அதிகாரி பர்மியத்தில் கேட்டான், "பதினேழு எங்கே?"

சிவநாதன் என்னைக் காட்டினார். துப்பாக்கிக் கட்டை என் வாயில் இறங்கியது. இரண்டு பல் சேற்றில் விழுந்தது. என்னை இழுத்தபோது முற்றத்திலிருந்த முப்பது பேரும் கைகோத்து நடுவில் வந்து நின்றார்கள். கட்டைகள் மறுபடி இறங்கின. கோ தூராவின் மண்டை பிளந்தது. யாரும் கையை விடவில்லை.

"எந்தப் பதினேழு வேணும்?" என்று அண்ணி குழாய்மேலிருந்து அவன் பாஷையிலேயே கேட்டார். "இங்க எல்லாமே பதினேழுதான். வேணும்னா பைப்பையும் சேர்த்து ஏத்திக்கிட்டுப் போங்க!"

அதிகாரி குழாய்களைப் பார்த்தான், சிவநாதனைப் பார்த்தான். துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை, சுடவும் இல்லை.

அந்நேரம் மதிய முறை ஆட்களின் படகு அக்கரையிலிருந்து வந்து ஒட்டியது. ஐம்பது பேர் இறங்கினார்கள். ஓலைப்பாயில் மூடிக் கிடந்த அண்ணனைப் பார்த்தார்கள். துப்பாக்கிகளையும் பார்த்தார்கள். யாரும் படகுக்குத் திரும்பவில்லை.

முதலில் வந்தவன் முன்பின் நான் பேசியிராத ஆள். குழாய்களெல்லாம் பதினேழு பொறித்திருந்ததைப் பார்த்துவிட்டு, கோத்திருந்த கைகளுக்கு நடுவே நுழைந்து, அச்சுக்காக என் முன்னால் உள்ளங்கையை விரித்தான். வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, அதில் அச்சை வைத்தேன்.