அடைத்துப் பார்த்த அரை மணி நேரம்

மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் என் மனைவிக்குப் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்வீச்சில் கரைந்துபோனது என்று மூன்று வருடம் நம்பியிருந்தோம். திரும்பி வந்தபோது, மூளைக்குப் போகும் வலது பக்கப் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டு வந்தது.

"எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "ஆனா எடுக்கும்போது அந்தக் குழாய் கிழிஞ்சா மேஜையிலேயே உயிர் போயிடும். முன்னாடியே அதை அடைச்சிடணும். அடைச்சா இடது பக்கக் குழாய் மட்டும் தாங்குதான்னு முதல்ல பார்க்கணும். தாங்கலைன்னா ஆபரேஷன் கிடையாது."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். பழைய குழாயை வெட்டுவதற்கு முன் வால்வை மூடிவிட்டு, கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகிறதா என்று நாங்களும் பார்ப்போம்.

தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கழுத்தில் அந்த ரத்தக்குழாய்க்குள் சிறு பலூனை ஊதி அடைத்து, அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். அவள் விழித்திருந்து பேச வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு அவள் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். நாக்கில் பாதி அசையாது. அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். அதனால் சிகிச்சை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னார்கள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "நீங்க உள்ள மயங்கி விழுந்தா அவங்க உங்களைப் பார்ப்பாங்களா, அவளைப் பார்ப்பாங்களா?"

நான் சாப்பிடவில்லை.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. அவள் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் ஆசிரியை. நதிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக டாக்டருக்குத் திருப்பிச் சொன்னேன். பதினோராவது நிமிடத்தில் டாக்டர், "இடது கையைத் தூக்குங்கம்மா" என்றார்.

அவள் வலது கையைத் தூக்கினாள்.

வலது குழாயை அடைத்தால் முதலில் சொல் கேட்காமல் போவது இடது கைதான் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

"பலூனை இறக்கலாமா சார்?" என்றார் நர்ஸ்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றேன். "அவளுக்கு எப்பவுமே இடது வலது தெரியாது. வடக்கு தெற்குன்னா கண்ணை மூடிட்டுச் சொல்லுவா. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வலது பக்கம்னு சொல்லி இடது பக்கம் கையைக் காட்டுவா."

"நிச்சயமாவா? இது விளையாட்டு இல்ல."

நிச்சயம்தான். ஆனால் இந்த ஆபரேஷன் நடக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக விரும்பியவர் அந்த அறையில் யாரும் இல்லை. அதனால் என் வாய்வார்த்தையை நானே நம்பவில்லை.

"பத்து செகண்ட் தரேன்" என்றார் டாக்டர்.

மைக்கை அழுத்தினேன். "வாட்ச் கட்டுற கை. அதைத் தூக்கு."

இடது கை எழுந்தது. வாட்சைக் கழற்றிய இடத்தில் வெளுத்த பட்டை தெரிந்தது. விரல்களை விரித்து மூடினாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமேங்கறா."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கையை 'வாட்ச் கை' என்றே சொல்லி, மீதி பத்தொன்பது நிமிடமும் தூக்க வைத்துக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிடம் முடிந்ததும் உலோகச் சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, குழாயை நிரந்தரமாக அடைத்தார்கள்.

சாயந்திரம் வார்டில், குழாய் ஏற்றிய காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருந்தாள். நான் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டேய். வாட்ச் கையும் எழும்பலைன்னா என்ன சொல்லியிருப்ப?"

"எழும்பலைன்னுதான்."

"பொய். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம்னு அவர் காலைப் பிடிச்சிருப்ப."

நான் ஸ்பூனை மறுபடி தண்ணீரில் முக்கினேன்.

"எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்கே தெரியாம போகலாம். அப்ப நீதான் சொல்லணும். உனக்குப் பிடிச்ச மாதிரி இல்ல, உள்ளபடி."

"சரி."

"சரின்னா?"

"சொல்றேன்டி."

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. கட்டியை முழுதாக எடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போனாள். பேச முடியாததைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினாள்.

பதிமூன்று மாதம் கழித்து ஸ்கேன் அறிக்கையை நான்தான் போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் வேறு வேறு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே பாதிப் பொய்யாக இருந்தன. கதவைத் திறந்தபோது அவள் கட்டிலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"நுரையீரல்ல வந்திருக்கு. இனிமே ஆபரேஷன் பண்ண முடியாதாம்."

அவள் பேனாவை மூடினாள். பிறகு விடைத்தாள் கட்டை நகர்த்தி இடம் செய்தாள்.

"நிக்காதடா. வந்து உக்காரு."