பாலாற்றுப் பாலத்தில் நின்ற ஓட்டம்

வேலூர் மாரத்தானில், காட்பாடிக்குத் திரும்பும் வழியில் எழிலரசியின் இடது கால் விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. ஓடியபடியே ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். மடங்கின. குறுகுறுப்பு மட்டும் போகவில்லை.

அந்தக் குறுகுறுப்பை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தது. பெடலை மிதித்து மிதித்துக் கால் மரத்துவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் பஸ் படி ஏற முடியவில்லை. அதற்கும் மறுநாள் மூச்சை இழுக்க முடியவில்லை. நரம்பைத் தாக்கும் அபூர்வமான நோய் என்றார்கள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு வாரக்கணக்கில் கிடந்தாள். கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. பேச்சுக் கேட்டது, வலி தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரிதான் இந்த மாரத்தானை நடத்தியது. அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நிஷாவும், பிசியோதெரபிஸ்ட் ஜியாவுல்லாவும் பாலாற்றுப் பாலத்தருகே முதலுதவிப் பந்தலில் இருப்பார்கள் என்று தெரிந்ததும் எழிலரசி பெயர் கொடுத்துவிட்டாள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தாள். கால் கொஞ்சம் மரத்தாலும் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் சம்மதித்தார். அவள் கணவன் கார்முகிலனுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"அவங்க காப்பாத்திக் குடுத்த உடம்ப அவங்க கண்ணு முன்னாடியே போட்டு ஒடைக்கப் போறியா?" என்று கேட்டான்.

மூச்சுவிட முடியாமல் கிடந்தவள் ஓடி வருவதை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். மரத்தால் நின்றுவிடுவதாக அவன் கையைப் பிடித்துச் சத்தியமும் செய்தாள்.

காட்பாடி ஸ்டேஷன் அருகே அவன் இரவல் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டிவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

வெயில் ஏறிவிட்டது. கூட ஓடியவர்கள் முன்னே போய்விட்டார்கள். சற்று தூரத்தில் இடது கால் சத்தம் மாறியது. ஷூ தைப்பவளுக்கு அது உடனே கேட்டது. குதிகால் முதலில் பதியாமல், முன்பகுதி தார்ச்சாலையில் 'தப், தப்' என்று அறைந்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. ஒருமுறை இடறி, கையை ஊன்றி எழுந்தாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

பாலம் தெரிந்தது. இந்தப் பக்கமே பந்தல். நிஷா அவளை அடையாளம் கண்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். மற்ற நர்ஸ்களும் எழுந்து கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டே கடந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பாலத்தைத் தாண்டினால் ஓட்டம் முடியும் வேலூர் ஊருக்குள் நுழைந்துவிடலாம். இதற்காகத்தானே இத்தனை மாதம்.

ஆனால் நோய் திரும்பியிருந்தால்? மறுபடி இதே நிஷாதான் தொண்டைக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மறுபடி கார்முகிலன் வராந்தாத் தரையில் துண்டை விரித்துப் படுக்க வேண்டும்.

எழிலரசி நின்றாள். தண்ணீருக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்து ஒரு நர்ஸ் டம்ளரை நீட்டினாள்.

"சார், கால் மரக்குது" என்றாள் ஜியாவுல்லாவிடம்.

கைதட்டல் நின்றது.

அவர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சின்னச் சுத்தியலால் வலது முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளியது. இடது காலில் தட்டினார். துள்ளவில்லை. அந்த நோய் வந்தால் இந்தத் துள்ளல்தான் போய்விடும். இடம் பார்த்து மறுபடி தட்டினார். இல்லை. அடங்கிக் கிடக்கும் துள்ளலை வெளியே கொண்டுவர, இரண்டு கை விரல்களையும் கோத்து, எதிரெதிராக இழுக்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே தட்டினார். கால் லேசாக எகிறியது.

"துள்ளல் இருக்குதும்மா" என்றார். "ஆனா ஓட்டம் இதோட போதும். ஆஸ்பத்திரிக்குப் போய்டுவோம்."

மீதியை நடந்தாவது முடிக்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினார். அதற்குள் கார்முகிலன் வந்துவிட்டான். நடந்ததைக் கேட்டவன் திட்டவில்லை. குனிந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்தான். "கேட்டனே" என்றான், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் நிஷா கூட வந்தாள். ஒரே மூச்சில் எவ்வளவு முடியுமோ எண்ணச் சொன்னாள். மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்க்கத்தான் அது என்று இருவருக்கும் தெரியும். எழிலரசி எண்ணினாள். இருபதைத் தாண்டியதும் நிஷாவின் தோள்கள் நிம்மதியில் இறங்கின.

ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து சொல்ல வைத்திருந்ததை எழிலரசி அங்கேயே சொன்னாள்.

"சிஸ்டர், அப்போ என்னைத் திருப்பிப் படுக்க வெச்சா காது மடங்கி அடியில மாட்டிக்கும். உயிர் போற வலி. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு தடவையும் கைய விட்டு நிமித்தி விட்டீங்க. நான் சொல்லாமலே."

நிஷா யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லக்கா."

"எனக்கு இருக்குது."

நிஷா அவள் உள்ளங்கைக் காயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பரிசோதனைகள் எல்லாம் முடிய மறுநாள் ஆயிற்று. நோய் திரும்பவில்லை. பழைய பாதிப்பிலிருந்து முழுதாகத் தேறாத நரம்பு, இவ்வளவு தூரத்தையும் வெயிலையும் தாங்கவில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இனி இத்தனை நீள ஓட்டம் வேண்டாம் என்றார். அவள் சரி என்றாள்.

ஆம்பூருக்குப் போகும் ரயிலில் கார்முகிலன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும் நேரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"ஓடுனதுக்குக் கோவம் இல்ல எழிலு. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான்."

"இனிமே அப்படிச் சொல்ல மாட்டேங்க" என்றாள்.

அவன் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, முதலில் இறங்கிக் கை நீட்டினான்.