பொன்னுதுரையின் சொந்தக்காரர்கள்

அப்பாவின் கால் கட்டைவிரல்களை அஞ்சலை சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒப்பாரி கிளம்பியது. எட்டிப் பார்த்தாள். முற்றம் நிறைய பெண்களும் பிள்ளைகளும்.

எல்லாரும் ரப்பர் தோட்டத்து ஆட்கள். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனதும், தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் அரிசி கொடுப்பது நின்றுபோய், மலாக்காவுக்கு நடந்தே வந்தவர்கள். மாட்டுவண்டி ஓட்டிய அப்பா பொன்னுதுரை, காஜா பெராங் தெருவிலிருந்த இந்த வீட்டு முற்றத்தில்தான் பல மாதமாக அவர்களுக்கு மரவள்ளிக் கஞ்சி ஊற்றிவந்தார். போன வாரம் ஜப்பான்காரன் வந்து அவரை அறைந்தான். கூட்டம் கூடக் கூடாதென்று கஞ்சி அண்டாவையும் எடுத்துப் போனான். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி ஒரு பானைக் கஞ்சியோடு வந்தாள்.

"ஒனக்கும் சொந்தக்காரங்களுக்கும்மா."

அஞ்சலை முற்றத்தைப் பார்த்தாள்.

"அக்கா, சொந்தக்காரங்க நெறைய பேரு வந்திருக்காங்க."

ஆயிஷா பீவியும் பார்த்தாள். பானையை வைத்துவிட்டு விடுவிடுவென்று போனாள். சற்று நேரத்தில் தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பானை வந்தது.

கூடவே போலீஸ்காரர் தம்பிராஜாவும் வந்தார்.

"என்ன கூட்டம் இது? உத்தரவு தெரியாதா?"

"எழவு வீடுங்கய்யா" என்றாள் அஞ்சலை.

"இவங்கல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்க."

"எங்கண்ணன் போயிட்டாருய்யா!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். "என்னெப் பெத்த அப்பா!" என்றாள் இன்னொருத்தி.

தம்பிராஜா பானைகளைப் பார்த்தார். பிள்ளைகளின் வீங்கிய வயிறுகளைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"துக்கம் எத்தன நாளைக்கு?"

"எங்க வழக்கத்துல பதினாறு நாளுங்க."

"சொந்தக்காரங்க அது வரைக்கும் வருவாங்களா?"

"தெனமும் வருவாங்கய்யா."

"பதினாறு நாள் துக்கம்னு ஸ்டேசன்ல சொல்லிடறேன்."

மதியம் பாடை புறப்பட்டது. தோள் கொடுக்க ஆள் போதாமல் ஆயிஷா பீவியின் கணவர் ரஹீமும் ஒரு பக்கம் பிடித்தார். தெருமுனை திரும்பும்வரை அஞ்சலை வாசலில் நின்று அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அகப்பையை எடுத்தாள்.

முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடுவிலிருந்து ஒருத்தி தலைநிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் எதையும் வாய்விட்டுக் கேட்காதவள்.

"தாயி, கொஞ்சம் உப்பு கொண்டாறியா?"

அஞ்சலை உப்பு எடுக்க உள்ளே போனாள்.