பாதி மோல்டில் நின்ற பாட்டு

வேங்கடேசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான்: தலைக்கு மேல் ஒழுகாத கூரை. காலமெல்லாம் வாடகை வீடுகளில் வாளியும் அண்டாவும் வைத்து மழை பிடித்தவர். பிடித்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் கண்ணம்பாடி அணை பாதி நிரம்பியிருக்கும்.

ரிடையரான பிறகு குவெம்புநகரில் சொந்த வீடு எழும்பி, அன்றைக்கு மோல்டு. கான்கிரீட் தளம் போடுவதற்கு மைசூரில் அதுதான் பெயர். ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். நடுவில் நின்றால், இறுகி முறுகிய கான்கிரீட்டோடு புதுசு ஒட்டாது. அந்தக் கோட்டின் வழியாக மழை உள்ளே வந்து, கால் நீட்டி உட்கார்ந்து காபி கேட்கும்.

மத்தியானத்துக்குள் பாதித் தளம் முடிந்தது. அப்போதுதான் சாமுண்டி மலை காணாமல் போனது. மலை இருந்த இடத்தில் எருமை மந்தையாக மேகம்.

"சாமி, ஆளுங்களுக்குக் கை ஓட மாட்டேங்குதுங்க. பாட்டு ஏதாச்சும் போட்டு உடுங்க," என்றார் மேஸ்திரி ரத்தினவேல்.

கீழே மிக்சரிலிருந்து மேல் தளம் வரைக்கும் சாரத்தில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, கைக்குக் கை சட்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை மார்டள்ளிக்காரர்கள், முன்னால் மகேஸ்வரி. மற்றது கோபிநத்தம், முன்னால் ரூபா. இரண்டும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் ஊர்கள்.

வேங்கடேசனுக்கு உச்சி குளிர்ந்தது. ஹனூர் பேங்கில் வேலை பார்த்தவர் அல்லவா? அந்தப் பக்கத்து ஜனங்களின் நாடியே தன் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பு. ஹனூர் பஸ் ஸ்டாண்டில் பொழுதுக்கும் ஓடும் மாதேசுவரன் மலைப் பாட்டு ஒன்றைப் போனில் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தார். பாடியவர் கட்டைக் குரல்காரர். அவர் மூச்சை இழுத்தால் அடுத்த தெருக் கொடியில் துணி அசையும்.

கோபிநத்தம் வரிசை விசிலடித்தது. சட்டிகள் பறந்தன. மார்டள்ளி வரிசை அப்படியே நின்றது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தி விசும்பினாள். மகேஸ்வரி சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க சாமி, ஊடு கட்டறீங்களா, எழவு கூட்டறீங்களா? எங்க தெருவுல பொணம் எடுக்கறப்ப மைக்செட்டுல போடற பாட்டுங்க இது! என்ற மாமியா இந்தக் கொரலோடதான் போய்ச் சேந்தாங்க."

"அக்கா, எங்கூருல இதைப் போட்டாத்தான் தேரே நகரும்," என்றாள் ரூபா.

வேங்கடேசன் பதறி, அதே பாட்டை ஓர் இளம்பெண் பாடியதற்கு மாற்றினார். தேன் சொட்டும் குரல். மார்டள்ளி முகங்கள் மலர்ந்தன. சீர்த்தட்டு தூக்கும்போது அங்கே கேட்கும் குரலாம். கோபிநத்தம் வரிசையிலோ ஒருவன் கையிலிருந்து சட்டி நழுவி, கீழே நின்றவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

"நிறுத்துங்க சாமி!" ரூபா அலறினாள். "எங்கூருச் சொர்க்க ரத வண்டியில பாடறது இந்தப் புள்ளதான்!"

"கேளுங்கடி, எழவுப் பாட்டுக்குத் தேர் இழுக்கறவ பேச்சை!"

"நீங்க ஒப்பாரி வெச்சுக் கண்ணாலம் பண்றவங்களாக்கும்!"

ஸ்பீக்கரை ஒருத்தி பிடுங்க, இன்னொருத்தி இழுக்க, அது தண்ணீர் டிரம்முக்குள் முழுகி, பெண் குரலில் ஒரு குமிழி விட்டு அடங்கியது.

மிக்சர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் தளத்தின் ஓரத்தைக் கரணையால் குத்திப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "முறுகுதுங்க சாமி. இன்னுங் கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒட்டாது."

வேங்கடேசனின் வழுக்கையில் ஒரு துளி விழுந்தது.

"அம்மா, தாயே, சட்டியை எடுங்களேன்!"

"எழவுப் பாட்டைப் பாதியில உட்டா ஊட்டைப் புடிச்சுக்கும் சாமி," என்றாள் மகேஸ்வரி. "ஆராச்சும் பாடி முடிச்சு வெய்யுங்க. ஆனா அந்தக் கட்டைக் கொரல் மாதிரி வேண்டாம்."

"அந்தப் புள்ள மாதிரியும் வேண்டாம்," என்றாள் ரூபா. அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டுமே. அங்கே நின்ற அத்தனை பேர் தொண்டையிலும் இருந்தது அந்த இரண்டு குரல்கள்தான். பாட வேறு ஆளில்லை.

வேங்கடேசன் தொண்டையைச் செருமினார்.

மோர்ச் சொம்போடு வந்த மனைவி பத்மாஸினிக்குப் புரிந்துவிட்டது. "ஏன்னா! மேலுகோட்டை வம்சம்! செல்வப்பிள்ளைப் பெருமாள் பேரைச் சொன்ன வாயால மாதேசுவரன் பாட்டா? அதுவும் உங்க கொரல்லயா? சும்னே, பேசாம இறங்கி வாங்கோ!"

"ஒழுகற ஆத்துல பெருமாளுந்தாண்டீ நனைவார்," என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார்.

அதைக் குரல் என்றால் குரல் கோபித்துக்கொள்ளும். எண்ணெய் காணாத மிக்சர், வாலில் மிதிபட்ட பூனை, அதற்கும் மேல் ஒரு ஜீவன். தெரு நாய்கள் மண்டியா பக்கம் கிளம்பிவிட்டன. அவர் பாட்டை விடவில்லை.

மகேஸ்வரியின் மூக்கிலிருந்து ஒரு சிரிப்பு தெறித்தது. "இந்தக் கொரலுக்கு எங்கூருல ஆரும் செத்ததில்லீங்க."

"கண்ணாலமும் ஆனதில்லக்கா," என்றாள் ரூபா.

முதல் சட்டி நகர்ந்தது. பிறகு இரண்டு வரிசையும் சிரித்துக்கொண்டே ஓடின. அவர் மூச்சு வாங்க நின்றால் கைகளும் நின்றன. "பாடுங்க சாமி, ஒட்டாமப் போயிரும்!" என்று ரத்தினவேல் கத்துவார். சரணம் தீர்ந்தால் பல்லவி, பல்லவி தீர்ந்தால் பேங்க் மேனேஜர்கள் பெயரையெல்லாம் மெட்டில் போட்டுப் பாடினார். தூறல் சட்டையை நனைத்தது. கடைசிச் சட்டியைக் கொட்டி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கையோடு வானம் பிளந்து ஊற்றியது. "முடிஞ்சுதா?" என்று கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

போன குரல் லேசில் திரும்பவில்லை. மாதேசுவரன் தனக்குக் கொடுத்த வரம் என்றாள் பத்மாஸினி.

தளத்தைத் தாங்கிய பலகைகளைப் பிரித்த பிறகு ஒருநாள், வேங்கடேசன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். தளம் இறுகுவதற்காக மேலே பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் குளம்போல் நின்றது. கீழே ஓர் ஈரப்பொட்டு இல்லை. பழக்கதோஷத்தில் கொண்டுவந்திருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

மாடியில் பத்மாஸினி பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். கட்டைக் குரலின் பாணியிலும் இல்லை, தேன் குரலின் பாணியிலும் இல்லை. அவர் சறுக்கிய இடத்திலெல்லாம் அச்சுப் பிசகாமல் அவளும் சறுக்கினாள்.