தாத்தாப்பூவின் தலை

செல்லியம்மாள் கமலாவுக்குத் தரவேண்டியது இருநூற்று எழுபது ரூபாய். தியாகதுருகம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் இருவரும் ஒன்றாகக் களை எடுக்கிறவர்கள் என்பதால் கமலா தினமும் கேட்பாள். இன்றைக்கு வரும் முந்நூறு ரூபாய்க் கூலியில் மகளுக்குச் செருப்பு வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் செல்லியம்மாள்.

சாப்பாட்டு வேளையில் கமலா வரப்பிலிருந்த தாத்தாப்பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, செல்லியம்மாளின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அந்தப் பூவை வைத்துப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்வதையே சொன்னாள்.

"தாத்தா தாத்தா காசு குடு. இல்லாங்காட்டி தலைய வெட்டுவேன்."

"இன்னாக்கா, இன்னிக்குப் பொண்ணுக்குச் செருப்பு வாங்கணுமே."

"அப்போ தலையக் குடு" என்று கமலா கட்டைவிரலால் சுண்டினாள். பூவின் தலை பறந்துபோய்ச் செல்லியம்மாளின் புளிக்குழம்பில் விழுந்தது.

செல்லியம்மாள் அதை இரண்டு விரலால் எடுத்து, கூட இருந்த பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

"பாத்துக்கினீங்களா? காசு, இல்லன்னா தலை. அக்கா தலைய எடுத்துக்கினாங்க. அப்புறம் இன்னாத்துக்குக் காசு?"

"ஞாயந்தான் கமலா" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்த சிரிப்பில் கமலாவுக்கும் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, மொட்டைக் காம்பைத் தூர எறிந்தாள்.

"போடி, தாத்தாவோட உன் கடனும் செத்துப்போச்சு. செருப்பை நல்லதா பாத்து வாங்கு."