உள்தாழ்ப்பாள்

அன்று ரூஹிக்குக் கடைசி நாள். அவள் போய்விட்டால் சென்னீர்குப்பத்தில் இருக்கும் எங்கள் நாய்த் தீனிக் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி தேவராஜ் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். புலம்பியது என்னைப் பார்த்து. ஆள் எடுப்பதும், எடுத்த ஆளைப் போகவிடாமல் வைத்துக்கொள்வதும் என் வேலை ஆயிற்றே.

ரூஹி நாய்க்கு முன்னால் இரண்டு கிண்ணம் வைப்பாள். ஒன்றில் எங்கள் தீனி, மற்றதில் அடுத்தவன் தீனி. நாய் எதை முதலில் மோந்தது, எதை நக்கித் தீர்த்தது என்று பார்த்து ஈரலைக் கூட்டுவாள், மீன் எண்ணெயைக் குறைப்பாள். அவள் பக்குவத்தை எந்த நாயும் மிச்சம் வைத்ததில்லை. அதற்காகத்தான் திருநின்றவூர்ப் பக்கம் புதிதாக வந்த போட்டிக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது.

அவள் இடத்துக்கு நான் வரச்சொன்ன அபிஷேக், சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். நாய்கள் கிண்ணத்தை விட்டுவிட்டு அவன் பேன்ட்டையே மோந்தன.

“இன்னா ஷோபனா, இவனையா கிண்ணத்துல போட்டு வெக்கிறது?” என்று கத்தினார் தேவராஜ்.

கடைசியாக ரூஹியைக் கூப்பிட்டு, அவளுக்காகவே கட்டிய கண்ணாடி அறையைக் காட்டினார். ஏசி, சுழல் நாற்காலி, கதவில் அவள் பெயர். கொத்தனார் பூபாலன் ஓரத்தில் இன்னும் பூசிக்கொண்டிருந்தார்.

“இனிமே நீ மேனேஜரும்மா. இன்னும் இன்னா வோணும்?”

ரூஹி கடிகாரத்தைப் பார்த்தாள். “ஊட்டுக்குப் போய்ட்டு வரணும் சார்.”

“இன்னிக்குமா? டெய்லி மத்தியானம் ஊட்டுக்காரருக்குச் சோறு போட ஓடுற. அரைநாள் சம்பளம் புடிச்சா மூஞ்சத் தூக்கிக்கிற!”

“அவரு தானே போட்டுத் துன்னுவாரு.” அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். “காலைலேர்ந்து நாய் எச்சி கையில, துணியில. குளிச்சித் துணி மாத்தாம எப்டி தொழுவேன்? இங்க கீற பாத்ரூம்ல லோடு எறக்குறவங்களும் போறாங்க, உள்ள தாப்பாளும் கெடையாது. எத்தினி வாட்டி சொன்னேன்! ஒவ்வொரு வாட்டியும் சம்பளத்த ஏத்துனீங்க. அந்தக் கம்பெனில தனி பாத்ரூம் கேட்டதும் போன்லயே சரின்னுட்டாங்க.”

தேவராஜ் சட்டைப் பையிலிருந்து தன் சொந்தக் குளியலறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ரூஹி தொடவில்லை. “நாளைக்கு உங்களுக்குக் கோவம் வந்தா சாவி திரும்பிப் போய்டும் சார்.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேவராஜ் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூபாலன் மெதுவாகச் சொன்னார்: “கண்ணாடிய கழட்டிட்டு செங்கல் வெச்சா பாத்ரூமாயிரும் நைனா. தண்ணி பைப்பு பின்னாலயே போவுது.”

“கழட்டு.”

கண்ணாடி இறங்கியது, செங்கல் ஏறியது. அவள் வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. நாய்கள் கிண்ணம் கேட்டுக் குரைத்தன. தேவராஜ் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார்.

“வரமாட்டா” என்றார்.

அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வேறு புடவையில் வந்த ரூஹி பாதிச் சுவரைப் பார்த்தாள். முதலாளியிடம் பேசவில்லை, பூபாலனிடம் கேட்டாள்.

“அண்ணே, தாப்பாளு எந்தப் பக்கம்?”

“உள்பக்கந்தாம்மா.”

அவள் கிண்ணங்களை எடுத்தாள். “அப்போ அந்தக் கம்பெனி?” என்று கிசுகிசுத்தேன்.

“மொதல்ல கதவ மாட்டட்டும்க்கா.”

என் மேசையில் கிடந்த ராஜினாமாக் கடிதத்தை அவளும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் முதலாளியின் கையெழுத்துக்கு அனுப்பவில்லை.