அளவுகல்லில் பதினொன்று

சட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் வலது கை தோளிலிருந்து தப்பான பக்கம் திரும்பி விறைக்கத் தொடங்கியிருந்தது. எப்படி இழுத்தாலும் கழலவில்லை. அவள் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, தான் போட்ட தையலிலேயே அதை விட்டாள். போன மாதம் தைத்துக் கொடுத்த சட்டை. “காலர் யானைக்கா வச்ச?” என்று கேட்டுக்கொண்டே போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்த மனுஷன்.

ஆட்கள் மிதித்த சேற்றில் தரை முழுக்க ஈரம் என்பதால் அவரைத் துணி வெட்டும் மேஜையில்தான் கிடத்தியிருந்தார்கள். கால் இரண்டும் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தையல் மெஷின் மீது யாரோ டீ டம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அவள் சத்தம் போட்டிருப்பாள்.

கொல்லையில் தம்பி விறகுக் குவியலுக்கு அடியிலிருந்து கடப்பாரையை இழுக்கும் சத்தம் கேட்டது. கூடவே சித்தப்பாவின் குரல்.

“என் அண்ணன நாய அடிக்கிற மாதிரி அடிச்சுப் போட்டிருக்கான். நீ கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னேன்னு வை, நாளைக்கு இந்த ஊர்ல ஒருத்தன் நம்ம மதிப்பானா? எனக்கு மட்டும் இந்த முழங்கால் வலி இல்லைன்னா...”

கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலியில் ஏறிக்கொள்கிற ஆள் சித்தப்பா. இன்றைக்கு அவர் வாயிலிருந்து வெட்டு, குத்து தவிர வேறு வார்த்தை வரவில்லை. தடுக்கப் போலீசும் இல்லை. ஸ்டேஷன் ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாலையில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு வந்து யார் யாரை அடித்தது என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது பொத்தானுக்குக் கீழே கத்தரிக்கோல் எதிலோ இடித்தது. உள்ளே, பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவில், ஒரு நோட்டு இருந்தது. ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று அப்பா எழுதி வைக்கும் நோட்டு. அட்டையில் ரத்தம் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தவர், அடி வாங்க எழுந்து போகும்போது இதை எதற்கு உள்ளே செருகிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனார்?

அப்படி ஒரு நோட்டு வைக்க வேண்டிய லட்சணம் இந்த ஊருக்கு. மேற்கே மலையில் மழை பெய்யும். இங்கே ஒரு பொட்டு விழாது. வெயில் மண்டையைப் பிளக்கும், கொடியில் துணி முறுகக் காயும், நாலு மணி நேரம் கழித்து ஆறு வந்து வாசலில் நிற்கும். முழங்கையை மடக்கியது போல ஊரைச் சுற்றி வளைந்து போகிற ஆறு. அந்த மடிப்புக்குள்ளே, கரைக்குக் கீழே, ஆற்றோரத் தெரு. அங்கே எவனாவது வீடு கட்டுவானா? கட்டினார்கள். கோடையில் அந்த ஆற்றை நம்பாமல் இருக்க முடியாது. ஆறு மாதம் மணல்தான் ஓடும். நடு ஆற்றில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள்.

அதனால் ஊரில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பாலத்தடியில் நிற்கும் அளவுகல்லைத்தான் நம்பினார்கள். அதைவிட, அளவுகல்லைப் பார்த்துச் சொல்லும் அப்பாவை. அளவுக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். பன்னிரண்டு அடி வந்தால் பள்ளிக்கூடத்து மணியை அடிக்க வேண்டும். ஆற்றோரத் தெரு மொத்தமும் மேட்டுக்கு ஓடிவிடும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் நடந்தது.

அந்தக் கல்லில் ஒரு கோளாறு இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வந்த மரம் ஒன்று அதை இடித்துச் சாய்த்தது. ஆபீஸிலிருந்து வந்தவர்கள் அடியில் சிமெண்டுத் திட்டு கட்டி, அதன் மேல் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கல் சரியாக ஓர் அடி உயர்ந்துவிட்டது. தண்ணீர் பன்னிரண்டில் நின்றால் கல் பதினொன்று என்று காட்டும். அப்பா நாலு முறை எழுதிப் போட்டார். ‘ஆவன செய்யப்படும்’ என்று நாலு முறையும் பதில் வந்தது. நாமே பெயிண்ட் அடித்து எண்ணை மாற்றிவிடலாமே என்றால், “கவர்மெண்டு கல்லுல நான் கை வைக்கிறதா?” என்று பதறுவார். மனசில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். கல் சொல்வதைப் பென்சிலில் எழுதுவார். பக்கத்துக் கட்டத்தில், ஆற்றின் நிஜமான அளவைப் பேனாவில் எழுதுவார்.

அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். இன்று காலை ஆறு மணி. தம்பியின் கோழிக்கிறுக்கல். பேனாக் கட்டத்தில் பதினொன்று. பென்சில் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

கல் காட்டியதையே ஆற்றின் நிஜ அளவென்று எழுதியிருக்கிறான்.

காலையில் நடந்தது எல்லாம் அவள் காது கேட்கத்தான் நடந்தது. அப்பாவுக்கு நூற்று மூன்று காய்ச்சல். தம்பிதான் கல்லைப் பார்த்துவிட்டு வந்தான்.

“எவ்ளோடா?”

“பதினொண்ணுப்பா.”

“சேத்துட்டியா?”

“சேத்துட்டேன், சேத்துட்டேன். நீ படு.”

பத்து நிமிடத்தில் ஜன்னலில் படகுக்காரர் முகம் தெரிந்தது. “அண்ணே, எவ்ளோ இருக்கு? இவளுக்கு முட்டி வீங்கிக் கெடக்கு. மேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரவா?”

“பதினொண்ணுதான்டா. இன்னும் ஓர் அடி கெடக்கு. மொதல்ல போய்ப் படகக் கட்டு, அப்புறம் பொண்டாட்டியத் தூக்கு,” என்றார் அப்பா போர்வைக்குள்ளிருந்து. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படகுக்காரர் சிரித்தது கூடக் கேட்டது.

அவர் படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறு கரை ஏறிவிட்டது. கரையை உடைத்து, முதல் வரிசை வீடுகளின் பின்சுவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. கட்டில், ஆடு, கதவு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒன்றையொன்று மோதிக்கொண்டு தெருவில் ஓடின. அந்தச் சத்தம் மேட்டுத் தெருவில் இருந்த இந்த வீடுவரை கேட்டது. மற்றவர்கள் கூரையில் ஏறிக்கொண்டார்கள். முட்டி வீங்கியவள் எங்கே ஏறுவாள்? மண் அடைத்த கதவைப் படகுக்காரர் உடைத்துத் திறந்தபோது அவள் கட்டிலோடு உத்தரத்தில் இடித்துக்கொண்டு மிதந்தாள்.

பத்து மணிக்குப் படகுக்காரர் இந்த வாசலுக்கு வந்தார். இடுப்புவரை சேறு, கையில் துடுப்பு. பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

“வெளிய வாடா அளவுக்காரா! பதினொண்ணுன்னு சொன்ன இல்ல? வாடா வெளிய!”

அப்பா போனார். அவள் போய்க் கையைப் பிடித்தாள், உதறிவிட்டுப் போனார். முதல் வீச்சு தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு வாசற்படிவரை கேட்டது. அவர் மண்டியிட்டார். இரண்டாவது விலாவில். “யாருடா பாத்தது? சொல்லு!” என்று படகுக்காரர் கத்தினார். “நாந்தான் பாத்தேன்,” என்றார் அப்பா. “என் கண்ணுதான். நாந்தான் பாத்தேன்.” மூன்றாவது காதுக்கு மேலே விழுந்தது. அவள் படகுக்காரரின் முதுகில் விழுந்து கடித்தாள், பிறாண்டினாள். யாரோ அவளைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் எறிந்தார்கள். படகுக்காரர் துடுப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு மணி நேரம் அப்பாவுக்கு மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

தம்பி அப்போது தண்ணீரில் மாட்டியவர்களுக்காகப் பாலத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அப்பா என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியாது.

நோட்டு அவள் கையில் கனத்தது. அடுப்பில் அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நோட்டை நெருப்பில் போட்டால் இரண்டு நிமிடத்தில் எரிந்துவிடும். அதற்காகத்தானே மனுஷன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு செத்தார்? போட்டுவிட்டால் தம்பி கடப்பாரையோடு போய்ப் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனைக் குத்துவான். காட்டிவிட்டால் அவனே போய் அந்தத் துடுப்புக்கு முன்னால் நிற்பான். அவனை அவளுக்குத் தெரியும். காலையில் அப்பா, இப்போது இவனா என்று அவள் உள்ளுக்குள் கதறினாள்.

தம்பி கடப்பாரையோடு உள்ளே வந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“நவுரு. அப்பா காலத் தொட்டுட்டுப் போறேன்.”

அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“அக்கா, தொற. அவன இன்னைக்கு விட்டேன்னா நான் மனுஷனே இல்ல.”

“அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டுட்டுப் போ.”

“என்ன சொன்னாரு?”

“நாந்தான் பாத்தேன்னு சொன்னாரு. அவன் கேக்கக் கேக்க அதையேதான் சொன்னாரு.” நோட்டைப் பிரித்து மேஜையில், அப்பாவின் காலடியில் வைத்தாள்.

தம்பி அதைப் பார்த்தான். வெளியே சித்தப்பா, “என்னடா உள்ள குசுகுசுன்னு? கெளம்பு!” என்றார். அவன் கையிலிருந்து கடப்பாரை நழுவித் தரையில் விழுந்தது.

“சேக்கணும்னுதான்கா படியேறுனேன்,” என்றான். குரல் பத்து வயசுப் பையன் குரலாக இருந்தது. “ஒரு கூரை மெதந்து வந்துச்சு. மேல ஒரு பசு, உசுரோட நின்னுட்டு வந்துச்சு. அதப் பாத்துட்டே நின்னுட்டேன். பாலத்துல மோதுமா, தப்பிச்சிருமான்னு... அப்பா கேட்டப்ப சேத்துட்ட மாதிரிதான் இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சுக்கா.”

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். கை வலிக்கும்வரை அறைந்துவிட்டு அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவன் விலகினான். நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகவே இறங்கி நடந்தான்.

“டேய்! டேய், போகாதடா! உன்னையும் கொன்னுருவானுங்கடா!”

வெறும் காலோடு பின்னாலேயே ஓடினாள். தெருவெல்லாம் வழுவழுவென்ற சேறு, மேலே சுள்ளென்று வெயில், சேற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று ஆற்றோரத் தெருக்காரர்கள் பாதிப் பேர் பாத்திரம் பண்டம் பொறுக்கக் கீழே போயிருந்தார்கள். மேற்கே மலை இருந்த இடம் கறுத்துக் கிடந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெஞ்சில் அவர் மனைவி, போர்வைக்கு வெளியே வீங்கிய முட்டியோடு. துடுப்பு மடியில் கிடந்தது. தம்பி அவர் முன்னால் போய் நின்றான். இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள்.

“அப்பா பாக்கல,” என்றான் தம்பி. “காலைல கல்லப் பாத்தது நான். ஒண்ணு சேக்க மறந்துட்டேன். சேத்துட்டேன்னு அவருகிட்ட பொய் சொன்னேன்.” நோட்டை நீட்டினான்.

படகுக்காரர் நோட்டை வாங்கவில்லை. மெல்ல எழுந்தார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தார். தம்பி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். துடுப்பு வந்தது. வராந்தாத் தூணில் விழுந்தது. மறுபடி, மறுபடி, பலகை பிளந்து சிராய் பறக்கும்வரை தூணை அடித்தார். கடைசியில் கையில் இருந்த கட்டையால் தம்பியின் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினார். அவன் சேற்றில் மல்லாந்து விழுந்தான்.

அவள் தலைக்கு மேலே கடப்பாரையை ஓங்கிக்கொண்டு நின்றாள். எப்போது எடுத்தாள், எப்படி அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படகுக்காரர் அவளைப் பார்த்தார். “போடும்மா,” என்றார். நிஜமாகவே கேட்டார். போட முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

“நாந்தான் பாத்தேன், நாந்தான் பாத்தேன்னே சொன்னாரே அந்த மனுஷன்,” என்றார் படகுக்காரர். வேறு யாரிடமோ பேசுவது போல இருந்தது. “ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா விட்டுருப்பேனே.” பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவியின் முட்டி மீது போர்வையை இழுத்து விட்டார். பிறகு நிமிர்ந்து மேற்கே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இப்ப எவ்ளோ இருக்கு?” என்றார்.

காலை ஆறு மணிக்குப் பிறகு இந்த ஊரில் யாருமே கல்லைப் பார்க்கவில்லை.

தம்பி சேற்றிலிருந்து கையை ஊன்றி எழுந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடியே பாலத்தை நோக்கி ஓடினான். அவள் கடப்பாரையைக் கீழே வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் பாலத்துப் படிகள் தெரியும். அவன் கடைசிப் படிவரை இறங்கி, தண்ணீரில் முழங்கால் நனைய நின்று, குனிந்து பார்த்தான். திரும்பி வாயில் கையைக் குவித்துக் கத்தினான்.

“பதினொண்ணு!”

மூச்சு வாங்கினான்.

“பன்னெண்டு! பன்னெண்டு!”

படகுக்காரர் எழுந்தார். வராந்தாக் கோடியில் தொங்கிய மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். கீழே தெருவில் பாத்திரங்கள் விழும் சத்தமும் ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டன. கடைசி ஆள் மேட்டுக்கு ஏறிய பிறகும் அவர் கயிற்றை விடவில்லை.